கைரேகையும் கையெழுத்தும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "அண்ணே, பசங்களுக்குத் தன்னம்பிக்கை வர்ற மாதிரி அரைமணி நேரம் பேசுங்க" என்றார். தன்னம்பிக்கை என்று சொன்னதுமே நமக்கு ஆபிரகாம் லிங்கனும் ஹெலன் கெல்லரும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குள், செக்கானூரணி, உசிலம்பட்டி, சேடபட்டி வட்டாரத்தில், ஒரு மக்கள் கூட்டமே தன் தலையில் எழுதப்பட்ட எழுத்தை அழித்துத் திருத்தி எழுதிய கதை இருக்கிறது. அது நம்மூர்க் கதை. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப்பேருக்கு அது முழுசாகத் தெரியாது. அதனால் இன்றைக்கு அதையே சொல்கிறேன்.

நான் பிறமலைக் கள்ளர் சமூகத்தில் பிறந்தவன். மேடையில் சாதிப்பெயர் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பேசும்போது அதை மறைத்துவிட்டுப் பேசினால் பேச்சே பொய்யாகிவிடும்.

1871-ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் சொன்ன வாதத்தைக் கேளுங்கள். இந்தியாவில் தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். ஆகவே திருடன் மகனும் திருடனாகத்தான் ஆவான், அப்படிப்பட்ட சாதிகளும் இருக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதலில் வடநாட்டில் இருந்த சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் 1914-ல் கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, சில வருஷங்களுக்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. கீழக்குயில்குடி என்றால் சமணமலை அடிவாரம். இன்றைக்கு நம் பிள்ளைகள் தாமரைக் குளம் பார்க்கவும் போட்டோ எடுக்கவும் போகிற அதே ஊர்தான்.

அந்தக் காலத்தில் களவே நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. எங்கள் முன்னோர் ஊர்க்காவல் பார்த்தவர்கள். காவலுக்குக் கூலி உண்டு. காணாமல் போன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுத்தால் 'துப்புக்கூலி' உண்டு. அதில் நியாயமும் இருந்தது, அநியாயமும் இருந்தது. புதுப் போலீஸ் வந்ததும் காவல் தொழில் போனது. 1895-ல் பெரியாறு அணை திறந்தபோது மேலூர்ப் பக்கம் தண்ணீர் பாய்ந்தது. உசிலம்பட்டி மேட்டுக்காட்டுக்கு வரவில்லை. தொழிலும் போய், தண்ணீரும் இல்லாமல் நின்றவர்களில் சிலர் தப்பு செய்தார்கள். தப்பு செய்தவனைப் பிடித்து விசாரித்துத் தண்டிக்கத்தான் ஏற்கெனவே சட்டம் இருந்ததே? இந்தப் புதுச் சட்டம் என்ன செய்தது என்றால், ஒரு தப்பும் செய்யாதவனையும், இன்ன வயிற்றில் பிறந்தாய் என்பதற்காகவே கூப்பிட்டு, விரல்களில் மை தடவி, ரேகை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றியது. அதனால்தான் எங்கள் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்றே பெயர்.

கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை வளர்ந்ததே நம் நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. உலகத்திலேயே முதல் கைரேகை அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் அதன் வகைப்பாட்டுக்காக உழைத்தார்கள். அறிவு என்ற அளவில் அது பெரிய சாதனை. குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்க உதவ வேண்டிய அந்த அறிவை, குற்றமே நடப்பதற்கு முன்னால் குற்றவாளிப் பட்டியல் தயாரிக்கப் பயன்படுத்தினார்கள். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி நல்லதா கெட்டதா என்பது அதை யார் கையில் எடுக்கிறார்கள், யார்மேல் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பதிவேட்டில் பெயர் ஏறியவர்களில் பலர், இரவு பதினொரு மணிக்கும் விடிகாலை மூன்று மணிக்கும் ஆஜர் கொடுக்க வேண்டும். நடுவில் வீட்டுக்கு நடந்துபோய்த் திரும்ப நேரம் ஏது? ஸ்டேஷன் வாசலிலும் சாவடியிலும் படுத்துக்கிடப்பார்கள். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, அப்படிப் படுத்துக்கிடந்தவர். வெளியூர் போக வேண்டுமானால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். எந்த ஊருக்கு, எதற்கு, எப்போது திரும்புவாய் என்று அதில் எழுதியிருக்கும். சந்தைக்கு மாடு ஓட்டிப்போகவும் சீட்டு, சம்பந்தம் பேசப் போகவும் சீட்டு. எங்க அப்பத்தா சொல்லும்: "கலியாணம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியும் உங்க ஐயா ஸ்டேசனுக்குத்தான்டா போனாரு. நான் வாசல்ல உக்காந்து விடியவிடிய நட்சத்திரத்தை எண்ணிக்கிட்டு இருந்தேன்." அப்பத்தா இதை அழுதுகொண்டு சொன்னதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, மழை பெய்யாத வருஷத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லும். அந்தச் சாதாரணக் குரல்தான் எனக்கு இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கொடுமை பழக்கமாகிவிட்டால் அது கொடுமை என்பதே மறந்துபோகும்.

ஆனால் எல்லோரும் பழகிப்போய்விடவில்லை. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, சேடபட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் வந்தபோது, மக்கள் மாட்டோம் என்று நின்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். குண்டடிபட்டுத் தாகத்தில் துடித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று இன்றைக்கும் அந்த ஊரில் சொல்கிறார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்தது 1919 ஏப்ரல் 13. சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதை நாம் பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதினோம். இது நம் மாவட்டத்திலேயே நடந்தது. நான் கல்லூரி முடிக்கும்வரை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த மக்களுக்காக நின்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் படிப்பு முடித்துவிட்டு மதுரையில் வக்கீல் தொழில் செய்தவர். 1918-ல் மதுரை மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். சாதியில்லை, மதமில்லை, ஊருமில்லை. அவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் எங்கள் மக்களுக்காக வாதாடினார். கோட்டில் ரோசாப்பூ செருகிக்கொண்டு வருவார் என்பதால் மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். 1938-ல் மதுரையிலேயே காலமானார். எங்கள் பக்கம் 'ரோசாப்பூ' என்று பெயர் வைத்த வீடுகள் உண்டு. பிறகு 1930-களில் முத்துராமலிங்கத் தேவர் இந்தச் சட்டத்துக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடத்தினார். பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்த ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்றோரும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் ஒழிந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் இந்தியா முழுவதும் அந்தச் சட்டத்தில் சிக்கிய எல்லா மக்களுக்கும் சுதந்திரம் வந்தது.

சட்டம் போனது. சொல் போனதா? அதுதான் நான் இன்றைக்குப் பேச வந்த விஷயம்.

அரசாங்கம் ரேகை எடுத்த அதே கையால் பள்ளிக்கூடமும் திறந்தது. 1920-களில் ஆரம்பித்த 'கள்ளர் சீரமைப்பு'த் திட்டத்தில் மதுரை, இன்றைய தேனி, திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளில் ஊர் ஊராகப் பள்ளிகள் வந்தன. 'சீரமைப்பு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நீ கெட்டுப்போனவன், உன்னைச் சரிசெய்கிறோம் என்கிற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் எங்கள் சனங்கள் என்ன செய்தார்கள்? பெயர்ப்பலகையில் இருந்த அவமானத்தை வாசலோடு விட்டுவிட்டு, உள்ளே இருந்த கரும்பலகையை எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியொரு பள்ளிக்கூடத்தில்தான் அரிச்சுவடி படித்தேன். என் முதல் கையெழுத்தை ஐயாவிடம் காட்டியபோது அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இது உன் பேராடா?" என்று மட்டும் கேட்டார். அவர் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியபோது அது ரேகையாக ஏறியது. என் பெயர் ஏறியது கையெழுத்தாக. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. இதைவிடப் பெரிய தன்னம்பிக்கைக் கதையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அத்தோடு முடிந்துவிடவில்லை. நான் படிக்க வந்த காலத்தில் இந்த மதுரை டவுனில் அறை வாடகைக்குக் கேட்டுப் போனால், "எந்த ஊரு தம்பி?" என்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் என்றதும் முகம் மாறும். "இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இங்கே இருக்கிற பலபேருக்கு வேறு வேறு ஊர்ப்பெயரில், வேறு வேறு சாதிப்பெயரில், அப்பாவின் தொழிலின் பெயரில், குடும்பத்தில் நடந்த ஏதோ ஒன்றின் பெயரில் நடந்திருக்கும்.

அந்த நேரத்தில் மனிதன் முன்னால் மூன்று தப்பான பாதைகள் திறக்கும் என்பது என் அனுபவம்.

முதல் பாதை, மறைப்பது. ஊர் பெயரை மாற்றிச் சொல்வது, தாத்தாவைப் பற்றிப் பேசாமலிருப்பது. இதில் கொஞ்சநாள் நிம்மதி கிடைக்கும். ஆனால் மறைக்கிறவன் ராத்திரி பதினொரு மணிக்குத் தன்னைத்தானே ஆஜர் கொடுத்துக்கொண்டிருப்பான். யார் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமே அவனுக்குப் போலீஸ் ஸ்டேஷன்.

இரண்டாவது பாதை, காயத்தையே சொத்தாக வைத்துக்கொள்வது. "எங்களை அப்படிச் செய்தார்கள், அதனால்தான் இப்படி இருக்கிறோம்" என்று எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்வது. நடந்தது உண்மை. அதைச் சொல்லி அரசாங்கத்திடம் உரிமை கேட்பதும் நியாயம். 'சீர்மரபினர்' என்ற சான்றிதழை வாங்கத்தான் வேண்டும். 1979-ல் ஓர் அரசாணையில் பழங்குடி என்ற சொல் சமூகம் என்று மாறியதற்காக எத்தனையோ வருஷம் போராடி, 2019-ல் மத்திய அரசு சலுகைகளுக்கு அந்தப் பழைய பெயரிலும் சான்றிதழ் பெற வழி கிடைத்தது. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சான்றிதழ் பெட்டியில் இருக்கட்டும். நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது பாதைதான் பெரிய ஆபத்து. பட்ட அவமானத்தை அப்படியே திருப்பி, நமக்குக் கீழே என்று நாம் நினைக்கிறவன்மேல் இறக்கிவைப்பது. கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று மூன்று ஊராட்சிகள். 1996-ல் அவற்றின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம், 2006 வரை, அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவிடவில்லை. வேட்புமனு கொடுக்க ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. பிறப்பை வைத்து எங்களைக் குற்றவாளி என்றபோது அது அநியாயம் என்று நெஞ்சைக் காட்டி நின்ற ஊர்கள்தானே இவை? பிறப்பை வைத்து இன்னொருவனை நாற்காலியில் உட்காரக்கூடாது என்றால், பெருங்காமநல்லூரில் சிந்திய ரத்தத்துக்கு என்ன அர்த்தம்? 2006-ல் அது முடிவுக்கு வந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே பாப்பாபட்டி கிராமசபையில் வந்து உட்கார்ந்தார். மாறியது என்பதும் எங்கள் கதைதான், மறுத்தோம் என்பதும் எங்கள் கதைதான். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-ல் இந்தியா டுடே பத்திரிகை உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கொலை நடப்பதாக எழுதியது. அதன்பிறகு உசிலம்பட்டி என்றாலே கள்ளிப்பால் என்று நாடே பேசியது. எல்லா வீட்டிலும் நடந்ததா? இல்லை. நடக்கவே இல்லையா? நடந்தது. 'பிறவிக் குற்றவாளி' என்று சொன்னது பொய். அதை மறுத்துப் போராடினோம். இது உண்மையான குறை. இதற்கு மறுப்பு அறிக்கை விட்டால் போதாது; திருந்தத்தான் வேண்டும். 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், பெண்பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. இன்றைக்கு உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் மதுரைக் கல்லூரிகளுக்கு வருகிற பெண்பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களில் ஒருத்தியிடம் போய், "அந்த ஊரா?" என்று யாராவது கேட்டால், கேட்டவருக்குத்தான் வெட்கம்.

இளைஞர்களே, கடந்தகாலம் தரும் பழியில் எது பொய், எது உண்மை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பொய்யைத் தலைநிமிர்ந்து மறுங்கள். உண்மையைத் தலைகுனியாமல் திருத்துங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஒன்று அடிமையாகிவிடுவோம், இல்லையென்றால் முரடனாகிவிடுவோம்.

கடைசியாக ஒரு விஷயம், உங்கள் கையைப் பற்றி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். காரணம் சாதி. அந்த மாணவன் ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி எழுந்து, அடுத்த வருஷமே பிளஸ் டூ பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கிக் கல்லூரிக்குப் போனான். பட்ட வெட்டு தன் பெயராக ஆக அவன் விடவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது என்றும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. 'கள்ளர்' என்ற பெயர் தாங்கிய பள்ளிகளும் அந்தப் பேச்சில் வந்தன. அதை மாற்றலாமா கூடாதா என்று எங்கள் ஊரிலேயே இரண்டு கட்சி. அந்தப் பள்ளிகளின் நிலமும் இடமும் வேலையும் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதைப் பேசித் தீர்க்கட்டும்.

கயிறு விஷயத்தில் இரண்டு கட்சி இருக்க முடியாது. எங்கள் ஐயாவின் விரலில் மையை வெள்ளைக்காரன் தடவினான். கட்டாயப்படுத்தித் தடவினான். அதை அழிக்க 1914-லிருந்து 1947 வரை ஆனது, பதினாறு உயிர் போனது. அதே கையில், அரை சாண் மேலே, மணிக்கட்டில், யாரும் கட்டாயப்படுத்தாமல் நாமே ஒரு வர்ணக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நான் இன்ன சாதி என்று பதிவு செய்துகொள்கிறோமே, அதற்கு என்ன பெயர்? பதிவேடு இல்லாமலேயே நாம் ஆஜர் கொடுக்கிறோம். வேண்டாம் தம்பிகளா. அவிழ்த்துவிடுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் நாம் மலர் போடுகிறோம், விருந்து வைக்கிறோம், பழைய கதை பேசுகிறோம். எல்லாம் சந்தோஷம்தான். அதோடு, வருகிற ஏப்ரல் 3 அன்று ஒரு பஸ் ஏற்பாடு செய்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் பெருங்காமநல்லூர் நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். மாலை போட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டதை நம் வரலாற்றுத்துறை மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாங்கம் எழுதிய காகிதம் பத்திரமாக இருக்கிறது. மக்கள் சொன்னது எங்கேயும் பத்திரமாக இல்லை. கேட்டுச் சொல்கிறவர்கள் இன்னும் பத்து வருஷத்தில் இருக்கமாட்டார்கள். அப்புறம் நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியது மட்டும்தான் மிஞ்சும்.

அதோடு, குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு, அது எந்தச் சாதியாக இருந்தாலும், டவுனில் தங்க அறை தேடித்தருவதை நம் சங்கம் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். "எந்த ஊரு தம்பி?" என்று நாமும் கேட்போம். பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள மட்டும் கேட்போம்.